இரண்டாவது சிலிண்டர்

காரின் பின்கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. மழையைக் கண்டு வெகுநாளாகியிருந்தது. ஒருவரும் ஏறாமல் கொட்டகையில் கிடந்த வண்டி அது. ஆனாலும் யாரோ கண்ணாடியோடு வாய் வைத்து ஊதியதுபோல், ஒரு முகத்தளவுக்கு வெண்மை. ஜுனைதீன் உடுத்தியிருந்த சாரத்தின் நுனியால் துடைத்துப் பார்த்தான். ஈரம் உட்புறத்தில் இருந்தது. பின்கதவைத் திறக்க அவனுக்கு மனம் வரவில்லை. முன்னால் போய் பொனட்டைத் தூக்கினான்.

மனைவி கைறுன்னிஸாவின் தம்பி புஹாரி, கொழும்பெல்லாம் தேடி அந்தப் பழைய இங்கிலீஸ் காருக்குப் பொருந்தும், சிலிண்டர்களுக்குத் தீப்பொறி பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றை வாங்கி வந்திருந்தான்.

"ஓட வச்சிட்டு யாருக்காவது குடுத்துருங்க மச்சான். இதப் பாத்தாலே உம்மாவுக்கு நெஞ்சடைக்குது."

"குடுத்துடலாம். ஒருதரம் மாத்தளை ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டிட்டுப் போய்ட்டு வந்து குடுத்துர்றேன்."

புஹாரி குனிந்து, என்ஜினைக் கையால் சுற்றும் கம்பியை முன்பக்கத்தில் செருகினான்.

போன வருடம், எண்பத்தொன்பதில், ஊரடங்கு இரவொன்றில் கைறுன்னிஸாவுக்குப் பிரசவ வலி கண்டது. அவளைப் பின்சீட்டில் படுக்க வைத்து நாலந்தாவிலிருந்து மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டவன் பாதி வழிகூடப் போகவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் வெடிப்பு விழுந்து, எந்தச் சிலிண்டருக்கும் தீப்பொறி போகாமல் என்ஜின் அடங்கிவிட்டது. ஓடிப்போய்த் தட்டிய கதவுகள் ஒன்றும் திறக்கவில்லை. ஆட்களைப் பிடித்துப்போய்க் கொன்றுகொண்டிருந்த அந்த நாட்களில் இராத்திரி கதவு தட்டுகிறவர்களுக்கு யார் திறப்பார்கள்? திரும்பி வந்து, டோர்ச் லைட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, அந்த மூடியைத் துடைத்துத் துடைத்து மாட்டினான். பின்னாலிருந்து அவள் மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது.

"கொஞ்சம் பொறு புள்ள."

"நீங்க பாருங்க. நான் மூச்சப் புடிச்சிக்கிட்டு இருக்கேன்."

விடியும்போது இராணுவ லொறி ஒன்று வந்தது. தாயையும், ஒருமுறைகூட மூச்சு விடாத பிள்ளையையும் ஒரே கபுறில் அடக்கினார்கள்.

என்ஜின் இலகுவாகச் சுற்றுவதற்காக ஜுனைதீன் நான்கு பிளக்குகளையும் கழற்றினான். முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சிக்கு வரும்போதுதான் புதிய டிஸ்ட்ரிபியூட்டரைப் பொருத்த வேண்டும். அதற்கு அந்தப் பிளக் ஓட்டையைப் பெருவிரலால் மூடிக்கொண்டு, முன்னாலிருக்கும் சுற்றுக் கம்பியைத் திருகினால், காற்று வந்து விரலைத் தள்ளும். புஹாரி திருகினான். காற்று தள்ளியது.

"நில்லு. போதும்."

புஹாரி கம்பியை உருவித் தரையில் போட்டான். அந்தித் தொழுகையான மக்ரிபுக்குப் பாங்கு சொல்லும் சத்தம் கேட்டது. இருட்டுமுன் வீடு சேர வேண்டும் என்று அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

கொட்டகைக்குள் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. பழைய எண்ணெயும் பெற்றோலும் எலிப்புழுக்கையும் கலந்து நாறிய அந்த இருளில், வெயிலில் காய்ந்த கூரைத் தகரங்கள் ஒவ்வொன்றாய்ச் சுருங்கிச் சடசடக்கும் சத்தத்தைக் கேட்டபடி, எதற்கும் இன்னொரு தரம் பார்த்துக்கொள்வோம் என்று அவன் பெருவிரலை முதல் ஓட்டையில் வைத்தான்.

காற்று வந்து தள்ளியது.

சுற்றுக் கம்பி அவன் காலடியில் கிடந்தது.

மறுபடி வந்தது. இதமான சூடு. கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு விடுவதுபோல. அன்று புறப்படுமுன் அவள் குடித்த இஞ்சி பிளேன்டீயின் வாடை, எண்ணெய் நாற்றத்தைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தது. ஓடிவிட நினைத்தான். விரலை எடுக்க முடியவில்லை. இந்த மூச்சை அவன் இரவு முழுக்கக் கேட்டவன். அடுத்தது எப்போது வரும் என்று அவனுக்குத் தெரியும். எங்கே நிற்கும் என்றும் தெரியும்.

"கைறுன்," என்றான். "சரியான சாமான் கொண்டு வந்துட்டேன். இப்பப் போயிடலாம்."

மூச்சு தேய்ந்தது.

இடைவெளி நீண்டது.

நின்றது.

அவன் அழத் தொடங்கும்போது பக்கத்து ஓட்டையில் அது கேட்டது. இரண்டாவது சிலிண்டர். சின்ன மூச்சு. மிகச் சின்னது. பழக்கமில்லாமல், தடுமாறி, அவசர அவசரமாக.

பெருவிரலை எடுக்காமலே கையை விரித்தான். சுண்டுவிரல் அங்கே எட்டியது. நுனியை உள்ளே வைத்தான்.

இரும்பு இல்லை. ஈரம். சூடு. பல் முளைக்காத ஈறு.

விரலைப் பற்றிக்கொண்டு, பசியோடு, அது உறிஞ்சத் தொடங்கியது.

பெருவிரலுக்குக் கீழே அவள் மூச்சு திரும்பி வந்தது. இப்போது வலியில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி கண்ணயர்ந்தவளின் மூச்சு.

ஜுனைதீன் மெதுவாகக் கையை இழுத்துப் பார்த்தான்.

பிடி இறுகியது.