நாலில் ஒரு பச்சைக் கத்தரி

"சாயங்காலத்துக்குள்ள நான் விதையைக் கலக்கலைன்னு காட்டணும் டீச்சர். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதேன்னுட்டாரு மொதலாளி" என்று அழுதாள் மாரிச்செல்வி. ராஜபாளையம் நாற்றங்கால் ஒன்றில் வேலை பார்ப்பவள். வத்திராயிருப்பு விவசாயி சங்கரலிங்கம் கொடுத்த கத்தரி விதையை அவள்தான் நாற்றாக்கினாள். ஊதா காய்க்க வேண்டிய வயலில் பச்சையும் காய்த்துவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்ற நாகஜோதி, நிதானமாகக் காபியை முடித்துவிட்டு எழுந்தார். பக்கத்து வீட்டு ஜெபக்குமார் அதற்குள் செருப்பு மாட்டியிருந்தார். போலீஸ் ஏட்டு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று எட்டு வருடம். யாரையாவது பிடித்துக் கொடுக்கும் ஆசை மட்டும் ஓய்வு பெறவில்லை.

வயலில் சங்கரலிங்கம் பொரிந்து தள்ளினார். "போன வருசம் இங்க அம்புட்டும் ஊதா. அந்த விதையத்தான் கொடுத்தேன். இந்தப் பிள்ளை எதையோ கலந்துட்டுது!"

நாகஜோதி வரப்போடு நடந்து எண்ணினார். நானூறு செடி, தொண்ணூற்றெட்டில் பச்சை. பச்சைக் காயும் ஊதாவைப் போலவே உருண்டை, செடியில் முள் இல்லை. ஓர் ஊதாச் செடியில் ஒரு காய் மட்டும் மஞ்சளாய்ப் பழுத்துத் தொங்கியது, காம்பில் சிவப்புத் துணியோடு. வயலோரக் கம்பில் வெளுத்துப்போன விதைப் பாக்கெட் ஒன்று செருகியிருந்தது.

"துணி எதுக்கு?"

"விதைக்கு விட்டது. ஆளுக பறிச்சிடக் கூடாதுல்லா. போன வருசமும் இப்படித்தான் எடுத்தேன்" என்றார் சங்கரலிங்கம்.

"மாரிச்செல்வி, உங்க நாற்றங்கால்ல பச்சைக் கத்தரி உண்டா?"

"உண்டு டீச்சர். நீளக்காய். செடியெல்லாம் முள்ளு."

"மாட்டிக்கிட்டா!" என்றார் ஜெபக்குமார்.

"செத்த பொறுங்க ஏட்டையா. அது கலந்திருந்தா நீளமும் முள்ளும் கூடவே வந்திருக்கும். இந்தப் பச்சை இந்த வீட்டுப் பிள்ளைதான்." நாகஜோதி பாக்கெட்டை உருவிப் படித்தார். "வீரிய ஒட்டு ரகம். போன வருசம் நட்டது இதுதானே அண்ணாச்சி?"

"ஆமா."

"இதோட அப்பன் ஆத்தாள்ல ஒண்ணு ஊதா, ஒண்ணு பச்சை. பிறந்த செடிக்கு ரெண்டு குணமும் உண்டு. ஊதா முன்னால நிக்கும், பச்சை ஒளிஞ்சுக்கும். கத்தரிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்துலயே காய்க்கும். அப்பனும் ஆத்தாளும் அதே செடிதான். ரெண்டு பக்கமும் பச்சை வந்து சேர்ந்த பிள்ளைக்கு மறைக்க ஊதா இல்ல. அது நாலுல ஒண்ணுக்கு நடக்கும். நானூறுக்கு நூறு வரணும், தொண்ணூத்தெட்டு வந்திருக்கு."

"அப்போ குற்றவாளி?" ஜெபக்குமார் விடவில்லை.

"துணி கட்டுன கைதான். ஒட்டு ரகத்துல விதைக்கு விடக் கூடாது."

சங்கரலிங்கம் தன் கையையே பார்த்தார். "தெரியாமப் பழி போட்டுட்டேன் தாயி" என்றவர், அங்கேயே முதலாளிக்குப் போன் போட்டுத் தவறு தன்னுடையது என்று சொன்னார். மாரிச்செல்விக்கு உயிர் வந்தது.

அவள் பழுத்த காயிலிருந்து துணியை அவிழ்த்து, ஒரு பச்சைக் காயின் காம்பில் கட்டினாள்.

"ஊதா வேணும்னா புதுப் பாக்கெட் வாங்குங்க அண்ணாச்சி" என்றாள். "வீட்டு விதைதான் வேணும்னா இத விதைங்க. பச்சைக்குள்ள ஒளிய ஊதா ஏது?"