முருகனிடம் சண்டை போட்டவள்

செவ்வாய்க் கிரகத்தின் ஏழாம் குடியிருப்பில் பொழுது விடிந்தால் வீட்டுக்கு வீடு வேண்டல்பொறிகள் கைகூப்பிக் கண்மூடி உருகும். வீட்டுக்காரர்கள் அந்த நேரத்தில் பல் துலக்குவார்கள். காதோரம் பதித்த மனமானியிலிருந்து ஒவ்வொருவர் கவலையையும் தெரிந்துகொண்டு, அவரவர் கடவுளிடம் அவரவர் பெயரில் முறையிடுவதற்கென்றே செய்யப்பட்டவை அவை. முழங்கால் உயரம்தான் இருக்கும்.

அன்று பூங்காவனத்தின் கணவர் தணிகாசலம் பனிச்சுரங்கத்தில் மாட்டிக்கொண்டார். மண் சரிந்து வழியை அடைத்துவிட்டது. தோண்டிக்கொண்டு அவரை எட்டச் சாயங்காலமாகும். நிதானமாக மூச்சுவிட்டால் கையிருப்புக் காற்று அதுவரை வரும். அவரோ பயத்தில் இரண்டு பங்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

"நான் பேசினா அடங்குவாரு. அந்த ஒலிபேசியக் குடுங்க சார்."

சுரங்க அலுவலகத்துக்கு ஓடிவந்து கேட்ட பூங்காவனத்தின் காதோரத்தை மேற்பார்வையாளர் ஜெயசீலன் பார்த்தார். மனமானி சிவப்பாக எரிந்தது.

"பச்சை வந்தாத்தாம்மா குடுக்கலாம். உங்க பதற்றம் அவருக்கும் தொத்திக்கும்."

"புருஷன் மண்ணுக்குள்ள கிடக்கறாரு. பச்சை எங்கேருந்து சார் வரும்?"

"அதுக்குத்தானே இது இருக்கு" என்று அலுவலகத்து வேண்டல்பொறியை அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

பொறி தேனாய்க் குழைந்தது. "பூங்காவனம் அம்மையார் சார்பில் முருகப்பெருமானிடம் விண்ணப்பித்தாயிற்று. தாங்கள் இனி அமைதியாக இருக்கலாம்."

அவள் விட்ட உதையில் அது குப்புற விழுந்தது. மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள்.

"ஏண்டா முருகா! உன் மலைப் பேரைத்தானே அந்த மனுஷன் சுமந்துக்கிட்டுத் திரியறாரு? இங்க மயில்தோகை கிடைக்காம பிளாஸ்டிக்குல செஞ்சு காவடி எடுத்தாரே, அதுக்கா கோவிச்சுக்கிட்டே? பூமிக்கு மட்டுந்தான் சாமியா நீ? இந்தத் தகரம் வந்து கேட்டாத்தான் உன் காதுல விழுமா? நான் கத்தறது விழலையா?"

தொண்டை கட்டும்வரை திட்டினாள். ஜெயசீலன் தடுக்கப் பயந்து நின்றார். திட்டித் தீர்ந்ததும் அவள் குரல் இறங்கியது.

"என்னால ஆகாதுப்பா. நீ உள்ள போய் அவர் பக்கத்துல உக்காரு. மிச்சத்த உங்கிட்ட விட்டுட்டேன்."

மனமானி பச்சையானது.

ஒலிபேசியை வாங்கினாள். "என்னங்க, நாந்தான். முருகன் அங்கதான் இருக்கான். சண்டை போட்டு அனுப்பியிருக்கேன். மெதுவா மூச்சு விடுங்க."

மண்ணுக்கடியில் ஒரு சிரிப்பு கேட்டது. "பாவம்டி அவன்."

சாயங்காலம் அவரை உயிரோடு வெளியே எடுத்தார்கள்.

அடுத்த மாதம் ஒரு காலையில் பக்கத்து வீட்டில் தன் குரலே கேட்டதும் பூங்காவனம் ஓடினாள். வனமாலா கால் நீட்டிப் படுத்து நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பொறி சுவரைப் பார்த்து நின்று, "ஏண்டா முருகா!" என்று தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தது.

"பையனுக்குப் பரீட்சை, அக்கா" என்றாள் வனமாலா. "நீங்க உதைச்சீங்களே, அந்தப் பொறி அன்னிக்கு எல்லாத்தையும் பதிவு பண்ணிடுச்சாம். நல்ல பலன்னு எல்லா வீட்டுப் பொறியிலயும் ஏத்திட்டாங்க."

"உம் பையனுக்காக நீ வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டியாடி?"

"எனக்கெங்கேக்கா நேரம்?" வனமாலாவின் கண் திரையை விட்டு நகரவில்லை.

பூங்காவனத்துக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. மனமானி சிவந்தது. அதைக் கண்டதும் பொறி சண்டையை நிறுத்திவிட்டு அவள் பக்கம் திரும்பியது. அவள் குரலிலேயே அவளிடம் சொன்னது:

"நீங்க எதுக்கும்மா பதர்றீங்க? பேசாம உக்காருங்க. உங்க கோபத்தையும் நானே பட்டுக்கறேன்."