பஞ்சு அடைத்த குடுவை

மதியம் மூன்று மணி. குடுவையில் தண்ணீர் சொட்டுக்கூடக் குறையவில்லை. அதில் கரைத்திருந்த பாதரச உப்பு மட்டும் மாயமாகியிருந்தது.

கழிவுநீர் சுத்திகரிக்கும் கம்பெனியின் முதலாளி ஆய்வறைக் கதவை உட்புறமாகப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டார்.

"இவ ஒத்துக்கிற வரைக்கும் யாரும் வெளிய போக முடியாது. திருடி என் காபியில கலந்திருக்கா மேடம். கை நடுங்குது, வாயெல்லாம் இரும்பு ருசி."

ஆய்வு செய்யும் பெண் சுவரோடு ஒட்டி நின்றாள். அறைக்கு ஜன்னலும் இல்லை. வெளியே போனால் ஜெயில், உள்ளே இருந்தால் இவர் வாய். பாவம், எங்கே போவாள்? கண்ணைத் துடைத்த அவள் விரல்களும் நடுங்கின.

"நீ காபி குடிப்பியாம்மா?" என்றார் விசாரிக்க வந்திருந்த இன்ஸ்பெக்டரம்மா.

"பழக்கமே இல்ல மேடம்."

மேசையில் இரண்டு குடுவைகள். ஒன்று கலங்கல், ஒன்று தெளிவு. இரண்டின் வாயிலும் பஞ்சு.

"எதுல காணோம்?"

"கலங்கினதுல. சாக்கடையில எடுத்த கிருமியை அதுல விட்டோம். தெளிவா இருக்கறதுல கிருமி இல்ல; பாதரசம் அப்படியே இருக்கு."

"திருட வந்தவ இதை மட்டும் ஏன் விட்டா?"

இன்ஸ்பெக்டரம்மா கலங்கிய குடுவையின் பக்கம் குனிந்தார்.

"அந்த விஷத்துல கிருமி சாகலையா?"

"நல்லாப் பெருகியிருக்கு. பாதரசத்தை உடம்புல பூட்டி வெச்சுக்கும்னு நினைச்சோம். அங்கயும் தேடிட்டேன், இல்ல."

"பஞ்சு எதுக்கு?"

"தூசி போகக்கூடாது. ஆனா கிருமிக்குக் காத்து வேணுமே."

"உள்ள போற காத்து வெளியவும் வரும்ல?"

அவள் முகம் வெளுத்தது. "ஐயையோ! சில கிருமிக்கு அதுக்குன்னே மரபணு உண்டு மேடம். அது செய்யற புரதம் கரைஞ்ச உப்பைப் பிடிச்சு வெறும் பாதரசமா மாத்திடும். அது ஆவியாப் போயிடும். கிருமி தப்பிச்சுக்கும்."

இன்ஸ்பெக்டரம்மா சுவரின் மேலே பார்த்தார். எக்ஸாஸ்ட் ஃபேன் அசையாமல் நின்றது.

"நிறுத்தினது யாரு?"

"நான்தான். ஒரே இரைச்சல். இவ சாப்பிடப் போனப்பக்கூட நகராம நாள் பூரா இங்கயே உட்கார்ந்து காவல் காக்கறேனே!"

"திருடன் அந்தக் கிருமி சார். திருட்டுப் பொருளை வெளிய விடாம பூட்டி வெச்சது நீங்க. விஷம் காபியில இல்ல, நாம இழுக்கற மூச்சுல இருக்கு. கதவைத் திறங்க!"

முதலாளி சாவியை எடுத்தார். அது பூட்டுத் துளையைச் சுற்றிச் சுற்றி உரசியது, உள்ளே போகவில்லை. அவள் அதை வாங்கினாள். நடுங்கும் கையை மறு கையால் பிடித்துக்கொண்டு திருப்பினாள்.

கதவு திறந்தது.

"நீங்க முதல்ல போங்க சார்" என்றாள். "நீங்கதான் இங்க ரொம்ப நேரம் இருந்திருக்கீங்க."