கீல் பூசாத கதவு

தானியப் பானையிலிருந்து எழுந்த புகை கூரைக்குப் போகாமல் வாசலைப் பார்த்து வளைந்தது. காற்று உள்ளே வரும் வாசல் அது. புகை காற்றை எதிர்த்துப் போய்க்கொண்டிருந்தது. தன் சமையலுக்குப் பயந்து புகைகூட வீட்டை விட்டு ஓடுகிறது என்று தெமியாஸ் மனதுக்குள் சொல்லிக்கொண்டான். சிரிப்பு வரவில்லை.

ஏதென்ஸில் டயோனிசஸின் மதுத் திருவிழா முடிகிற நாள் அது. செத்தவர்கள் ஊருக்குள் வரும் நாள். அவர்கள் உள்ளே நுழையாதிருக்கத் தெருவில் எல்லாக் கதவிலும் தார் போன்ற கருங்கீல் பூசியிருந்தார்கள். பாதாளத்துக்கு வழிகாட்டும் ஹெர்மஸுக்கென்று வீட்டுக்கு வீடு ஒரு பானை வெந்தது. உயிருள்ளவர் யாரும் அதைத் தொடமாட்டார்கள்.

காலையில் பக்கத்து வீட்டுப் பானியாஸ் கீல் சட்டியோடு வந்து நின்றான்.

"என்ன அண்ணே, கதவு மொட்டையா இருக்கு? இதுலயுமா கஞ்சத்தனம்?"

"நான் மீன்காரன்டா. என் மேல அடிக்கிற நாத்தத்துக்கு எந்தப் பொணமும் இந்தப் பக்கம் வராது."

பானியாஸ் சிரிக்கவில்லை. "மிர்தோவுக்காகத்தானே?"

தெமியாஸ் காலிக் கூடையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வேணாம் அண்ணே. தொறந்து வெச்சா அவ ஒருத்தி மட்டுமா வருவா?"

"சின்னப் பிள்ளைடா. கதவு சாத்தியிருந்தா தட்டக்கூடத் தெரியாது அதுக்கு. நீ போய் உன் கதவப் பூசு."

மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு இந்தத் திருவிழாவில்தான் தலையில் பூ சூட்டிக் கையில் குட்டி மதுஜாடி கொடுப்பார்கள். நேற்றுத் தெரு முழுக்கப் பூச்சூடிய தலைகள். அவன் மகள் மிர்தோ அதுவரை இருக்கவில்லை. இலையுதிர் காலத்துக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. தன் அண்ணன் வீட்டுக்குப் போன மனைவி திரும்பவில்லை. தெமியாஸ் மட்டும் கடைக்குப் போய், பேரம் பேசாமல், ஒரு ஜாடி வாங்கிவந்து அடுப்பருகே வைத்திருந்தான்.

அந்தி வெளிச்சம் மெல்ல மெல்லத் தரையிலிருந்து சுவரில் ஏறி மங்கியபோது, அடுப்புச் சாம்பலின் வாசனையையும் கூடையின் மீன் வாடையையும் தள்ளிக்கொண்டு, ஈரமண்ணும் புளித்த பாலும் கலந்த ஒரு வாசனை உள்ளே வந்தது. காய்ச்சல் நாட்களில் அவள் கழுத்தடியில் அவன் முகர்ந்த வாசனை. பிறகு மடியில் ஒரு கனம். ஈரத்துணிக் குவியல் போலச் சில்லென்று. இரண்டு சின்ன விரல்கள் அவன் தாடிக்குள் புகுந்தன, தூங்கும்முன் எப்போதும் புகுவதுபோல.

"வந்துட்டியாடி," என்றான்.

தெருக்கோடியில் குரல்கள் தொடங்கின.

"வெளிய போங்க. திருவிழா முடிஞ்சுது."

ஒவ்வொரு வீடாகச் சொல்லிச் செத்தவர்களை அனுப்பினார்கள். ஒவ்வொரு குரலுக்குப் பின்னும் மண்ணில் கால்கள் இழுபடும் ஓசை. அது ஊர் எல்லைக்குப் போகவில்லை. இந்தப் பக்கம் திரும்பியது.

சுவருக்கு அப்பாலிருந்து பானியாஸ். "அண்ணே, சொல்லிடுங்க. எல்லாம் உங்க வாசலுக்குத்தான் வருது."

சொன்னால் போதும். எல்லாம் போய்விடும். அவளும்.

தெமியாஸ் வாயைத் திறந்தான். தாடியில் விரல்கள் இறுகின.

வாயை மூடிக்கொண்டான்.

வாசல் இருண்டது. யாரோ உள்ளே வந்தார்கள். பின்னால் இன்னொருவர். பின்னால் இன்னும். பானையை நகங்கள் சுரண்டின. மென்று விழுங்கும் சத்தம். நிறைய வாய்கள்.

தாடியில் இன்னொரு கை. பெரியது. இன்னொன்று. நகமில்லாதது. மடியில் கனம் ஏறியது. மூச்சு முட்டியது. அந்தச் சின்ன விரல்களைத் தேடினான். கிடைக்கவில்லை.

"மிர்தோ. எங்கடி இருக்க?"

"இங்கதாம்ப்பா," என்றது ஒரு கிழவனின் குரல்.

"இங்கதாம்ப்பா," என்றது இருட்டு முழுவதும்.