கொம்பில்லாத சுத்தியல்

"சாயங்காலத்துக்குள்ள நீங்க ஒரு வழி சொல்லலேன்னா, இதாலேயே அந்த கிளீட்டைச் சுட்டுடுவேன்."

நெட்ரா ஹாஸ்கெல் தன் கணவனின் ரிவால்வரை மேசைமேல் வைத்தாள். துப்பறிவாளர் ஆர்வில் புரூயிட் காப்பிக் கோப்பையை நகர்த்தி அதற்கு மரியாதையாக இடம் விட்டார். உதவியாளன் லமார் காலடித் தடங்களை அளக்க நாடாவை உருவிக்கொண்டு எழுந்தான். பாய்ட் ஹாஸ்கெல் செத்த பிறகு இரண்டு மழை பெய்திருந்தது. அதைச் சொல்லி அவன் மனதை நோகடிக்க ஆர்விலுக்கு மனம் வரவில்லை.

கிணற்றுத் தகராறில் பாய்டைச் சுட்டவன் கிளீட் வார்னர். பாய்ட்தான் முதலில் துப்பாக்கியை எடுத்தான், தற்காப்புக்காகச் சுட்டேன் என்றான். ஷெரிஃப் அவனுடைய அக்கா புருஷன், உடனே நம்பினார். மேற்கு டெக்சஸில் இருக்கும் எங்கள் ஊரும் தலையாட்டியது. என் தலையும் அதில் ஒன்று.

ஆர்வில் குண்டுகளை எடுத்துத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, ரிவால்வரின் பின்பக்கத்தைத் தடவினார். குண்டைத் தட்டும் சுத்தியலில், பின்னால் இழுக்கக் கட்டைவிரல் மாட்டும் கொம்பு இல்லை, வழவழவென்றிருந்தது.

"இது எப்போ வெட்டினது?"

"போன மாசம். எடுக்கிறப்ப எல்லாம் பையைக் கிழிச்சுது. எத்தனை தடவைதான் தைக்கிறது? துப்பாக்கிக் கடையில இழைச்சுக் கொடுத்தாங்க. இனிமே விசையை இழுத்தாத்தான் சுடும், சுத்தியலைப் பின்னால இழுத்து நிறுத்த முடியாதுன்னாங்க."

"வாங்கம்மா, சாப்பிடப் போகலாம்."

ஓட்டலில் கிளீட் ஷெரிஃபுக்குப் பக்கத்தில் மாட்டிறைச்சி மென்றுகொண்டிருந்தான்.

"கிளீட், அந்தக் கதையை இன்னொரு தடவை சொல்லேன். லமார் கேட்டதே இல்ல."

"எத்தனை தடவைங்க!" என்று அலுத்துக்கொண்டாலும் அவன் முகம் மலர்ந்தது. "உருவினான். கட்டைவிரலால சுத்தியலைப் பின்னால இழுத்தான். கிளிக்! அந்தச் சத்தம் கேட்டப்புறம்தான் நான் சுட்டேன்."

ஆர்வில் காலித் துப்பாக்கியை நீட்டினார். "அவன் துப்பாக்கிதான். இழுத்துக் காட்டு."

கிளீட்டின் கட்டைவிரல் பழக்கத்தில் பின்னால் போனது. வழுக்கியது. மறுபடி போனது. மறுபடி வழுக்கியது.

"அவன் உருவவே இல்ல," என்றார் ஆர்வில். "நீ சுட்டப்புறம்தான் அவன் பையிலேர்ந்து எடுத்து அவன் கையில திணிச்சிருக்கே. அவசரத்துல சுத்தியலைப் பார்க்கல. நம்ம ஊர்ல கிளிக் இல்லாம எவன் சுட்ட கதை சொல்றான்? அதான் நீயும் ஒண்ணு சேர்த்தே. நாங்களும் நம்பினோம்."

"ஆளைப் பார்த்தப்பவே எனக்குச் சந்தேகம்தான்," என்றான் லமார். யாரும் திரும்பவில்லை.

கிளீட் துப்பாக்கியைக் கீழே வைக்கப் போனான்.

"வைக்காதே," என்றாள் நெட்ரா. "இன்னொரு தடவை இழு."

"நெட்ரா, நான்..."

"இழுடா! கிளிக்னு சத்தம் கேட்டேன்னியே. நானும் கேக்கணும்."

இழுத்தான். அவள் விடவில்லை. விரல் சிவக்கும்வரை இழுத்தான்.

ஷெரிஃப் எழுந்தார். மைத்துனன் முகத்தைப் பார்க்காமலே அவன் மணிக்கட்டைப் பிடித்து விலங்கை மாட்டினார்.

கிளிக்.

நெட்ரா கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டாள். "அடுத்த கையும்," என்றாள்.