பிரிக்காத மெத்தை

"பிரிக்கலையே அத்தை! சுத்தியிருக்கிற பிளாஸ்டிக்கைப் பிரிக்கவே இல்லையே! பிரிக்கிற வரைக்கும் அது படுக்கை இல்ல, சரக்கு!"

"சரக்காம் சரக்கு! ஏழாம் மாசம் பேய் மாசம், இதுல எவளாவது மெத்தை வாங்குவாளாடி? செத்துப் போனதுங்க எல்லாம் இந்த ஒரு மாசந்தான் வெளிய வந்து படுக்க இடம் தேடித் திரியுது. நீ தள்ளுபடின்னு சொல்லி நடுக்கூடத்துல விரிச்சு வெக்கிற!"

"அம்மா, மெதுவா. சந்து பூரா கேக்குது."

கேட்கத்தான் செய்தது. புயல் லீவு விட்டிருந்ததால் எங்கள் சந்தில் எல்லோரும் வீட்டில் இருந்தோம். சியூபி வீட்டுச் சண்டையை டிவியைத் தணித்துவிட்டுக் கேட்பது எங்களுக்குப் பழக்கம். தைவானில், இந்தத் தைனான் ஊரில், எங்களைவிட நீளமான சந்துகள் உண்டு. எங்களைவிட நீளமான காதுகள் கிடையாது.

சியூபியின் மகன் டிங்வெய்க்கும் யூசினுக்கும் ஒன்பதாம் மாசம் கல்யாணம். ஆறு வருஷமாகத் தள்ளிப்போன கல்யாணம். முதலில் டிங்வெய்யின் அப்பா போனார், பிறகு யூசினின் வேலை போனது, பிறகு மண்டபம் கிடைக்கவில்லை. கண்ணாடிக்கடையில் நாள் பூராவும் நின்று நின்று யூசினுக்கு முதுகு போய்விட்டது. கல்யாணத்தில் அவள் தனக்கென்று கேட்டது ஒன்றே ஒன்று: நல்ல மெத்தை. கையில் இருந்ததற்கு நல்ல மெத்தை வராது. கடை கடையாக ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்துப் பார்த்து, விலைச்சீட்டைப் பார்த்ததும் எழுந்து வந்தார்கள். கடைசியில் ரயிலடிப் பக்கம் ஒரு கடைக்காரர், "இந்த மாசம் ஒருத்தரும் வாங்க மாட்டாங்கம்மா, பாதி விலைக்கே எடுத்துக்க. கை வெச்சு அழுத்து, அச்சு மெதுவா மேல வரும் பாரு. ஒருத்தர் படுத்ததில்ல, புத்தம்புதுசு" என்றார்.

யூசின் படுத்தாள். முதுகு அப்படியே கரைந்தது. மெத்தை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல. ஏசி சரியில்லை போலும் என்று நினைத்துக்கொண்டாள். பாதி விலைக்குக் கிடைக்கும்போது மனசு எதையும் நினைத்துக்கொள்ளும்.

சியூபியின் கோபத்திலும் நியாயம் இருந்தது. கல்யாணப் படுக்கையை நாள் பார்த்துத்தான் போட வேண்டும். போட்டபின் கல்யாணம் முடியும்வரை அதில் யாரும் ஒற்றையாகப் படுக்கக் கூடாது. படுத்தால் பக்கத்துக் காலி இடத்துக்கு வேறு ஏதாவது வந்துவிடும், ஜோடியில் ஒருவர் போக வேண்டியிருக்கும். இது எங்கள் ஊரில் படிக்காதவனுக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். யூசினுக்கும் தெரியும். அதனால்தான் பிளாஸ்டிக்கைப் பிரிக்காமல் வைத்து, மாசம் முடிந்ததும் நாள் பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம் என்று வக்கீல்போல ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். ஆவிகளுக்கு அந்தச் சட்டம் தெரியுமா என்று யாரும் கேட்டுச் சொல்லவில்லை.

"நான் கோயிலுக்குப் போயி மன்னிப்புக் கேட்டுட்டு வரேன். மழை வலுக்கறதுக்குள்ள என்னை ஏத்திட்டுப் போடா" என்றாள் சியூபி. மெத்தை மாடிப்படி வளைவில் திரும்பாததால், கீழே ஸ்கூட்டர் நிறுத்தும் முன்கூடத்தில் இரண்டு பலகைகள் மேல் கிடந்தது. ஸ்கூட்டரை வெளியே தள்ளினார்கள். சியூபி பழக்கதோஷத்தில் மாடிப்படிக் கம்பிக்கதவையும் பின்வாசலையும் பூட்டிச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். "அது மேல மட்டும் ஒக்காராத" என்று சொல்லிவிட்டுப் போனாள். யூசின் பொத்தானை அழுத்தி ஷட்டரை இறக்கினாள்.

அரை மணி நேரத்தில் கரண்ட் போனது.

ஷட்டர் கரண்டில்தான் ஏறும். யூசின் அதன் அடியில் விரல் கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள், அசையவில்லை. வெளியே காற்று சந்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இரும்புத் தகரங்களை எல்லாம் கை வைத்துத் தடவிக்கொண்டே போவதுபோல ஓசை வந்தது. ஷட்டருக்கு அடியில் தண்ணீர் நாக்கு நீட்டி உள்ளே வந்து, ஓடுகளின் இடுக்குகள் வழியாகப் பரவி, சாக்கடையும் பெட்ரோலும் பழைய ஊதுபத்திச் சாம்பலும் கலந்த வாசனையோடு அவள் பாதத்தைத் தொட்டது. டிங்வெய்யைக் கூப்பிட்டாள். "பாலத்துல தண்ணி ஏறிடுச்சு, விட மாட்டேங்கறாங்க. சாயங்காலம் ஆயிடும், பயப்படாத" என்று பாதியில் அவன் குரல் அறுந்தது. அதன்பின் போனில் சிக்னல் வரவில்லை.

அவள் கத்தியிருந்தால் எங்களுக்குக் கேட்டிருக்குமா? அந்தக் காற்றில் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும், மறுபடியும் மாமியார் சண்டை என்றுதான் நினைத்திருப்போம்.

நின்றாள். சுவரில் சாய்ந்து நின்றாள். ஒற்றைக்காலில் மாற்றி மாற்றி நின்றாள். இடுப்பிலிருந்து தொடங்கிய வலி தொடை வழியாகக் கணுக்கால்வரை சூடான கம்பிபோல இறங்கியது. கூடத்தில் நனையாத இடம் ஒன்றுதான் இருந்தது. பிரிக்காத வரைக்கும் படுக்கை இல்லை, சரக்கு. தான் சொன்னதைத் தானே தனக்குச் சொல்லிக்கொண்டு, பிளாஸ்டிக் மேல் ஓரமாக உட்கார்ந்தாள். பிறகு சாய்ந்தாள். பிறகு, ஐந்தே நிமிஷம் என்று, படுத்தாள்.

பிளாஸ்டிக் மொறமொறத்தது. முதுகு கரைந்தது. அடியிலிருந்து அதே வெதுவெதுப்பு வந்தது.

மொறமொறப்பு நின்றதும் அவள் அசையாமல் கிடந்தாள், ஏனென்றால் வலியில்லாமல் கிடப்பது எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. மழையையும், எங்கோ உருண்டோடும் தண்ணீர்த் தொட்டியையும், தன் மூச்சையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது மறுபக்கத்தில் பிளாஸ்டிக் மொறமொறத்தது.

மெதுவாக. ஓரத்திலிருந்து நடுவுக்கு. படுத்திருப்பவரை எழுப்பிவிடக் கூடாதே என்று ஒருவர் பார்த்துப் பார்த்து ஏறுவதுபோல.

தலையைத் திருப்பினாள். யாருமில்லை. போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். மெத்தையில் ஒரு பள்ளம். முதலில் முழங்கை அளவு. பிறகு இடுப்பு. பிறகு தோள். அச்சு மெதுவாக மேலே வரும் என்றார் கடைக்காரர். இது மெதுவாகக் கீழே போனது.

பள்ளம் ஒருக்களித்துப் படுத்திருந்தது. அவளைப் பார்த்து.

எழ முயன்றாள். உடம்பு எழவில்லை. அவளுடைய பள்ளமும் ஆழமாகியிருந்தது. கை ஊன்றினாள், கை புதைந்தது. மறுகை. அதுவும். கத்தினாள், அந்தச் சத்தம் வெளியே போகாமல் முகத்துக்கே திரும்பி வந்தது.

ஏன் திரும்பி வந்தது?

மேலே பார்த்தாள். கூரை மங்கலாகத் தெரிந்தது. மடிப்பு மடிப்பாக. மூக்கு நுனியில் ஏதோ ஒட்டி, விலகி, ஒட்டியது.

பிளாஸ்டிக்.

மேலே.

அவளுக்கு மேலே.

வாய்க்கு நேரே பனி படர்ந்தது. சுருங்கியது. படர்ந்தது. அது அவள் மூச்சு. பக்கத்தில் இன்னொரு இடத்தில் பனி படர்ந்தது.

அது அவள் மூச்சு இல்லை.

இதையெல்லாம் அன்று ராத்திரி எங்கள் வீட்டில் இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டு அவளே சொன்னாள். நாங்களும் விடாமல் கேட்டோம். மீதியை நாங்களே கண்ணால் பார்த்தோம். சாயங்காலம் கரண்ட் வந்து, டிங்வெய் ஷட்டரை ஏற்றியதும், சந்தே அவன் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தது. பிளாஸ்டிக்கில் ஒரு கிழிசல் இல்லை. கடைக்காரர் ஒட்டிய டேப்கூடப் பிரியவில்லை. உள்ளே, கண்ணை அகல விழித்தபடி, யூசின்.

டிங்வெய் கத்தியை எடுத்தான்.

"பிரிக்காதடா!" என்று சியூபி அவன் கையில் தொங்கினாள். "நீ பிரிச்சா நீ போட்ட படுக்கை ஆயிடும்டா! என் ராசா, வேணாண்டா!"

"அவ மூச்சு நிக்கப் போவுதும்மா! விடு!"

கிழித்தான். யூசினை இழுத்து வெளியே தள்ளினான். அவளை இழுத்த வேகத்தில் அவன் ஒரு முழங்காலை மெத்தையில் ஊன்றிவிட்டான். அதை நாங்கள் எல்லோருமே பார்த்தோம்.

மறுநாள் யூசினின் அண்ணன் வந்து அவளைப் பிங்டுங்குக்குக் கூட்டிப்போனான். டிங்வெய் வழியனுப்ப வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. அதன்பின் சந்தில் அவனை ஒருவரும் பார்க்கவில்லை. தைச்சுங்கில் அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்றாள் சியூபி. நாங்களும் நல்லது நல்லது என்று தலையாட்டினோம். எங்கள் சந்தில் தலையாட்டுவதற்கு ஆள் பஞ்சமே கிடையாது. யூசின் ஒரு வருஷம் காத்திருந்துவிட்டு அங்கேயே ஒரு பஸ் டிரைவரைக் கட்டிக்கொண்டாள். கல்யாண கேக் பெட்டி எங்கள் எல்லோருக்கும் வந்தது, சியூபிக்குக்கூட. இப்போது பாயில்தான் படுக்கிறாளாம்.

போன மாசம் சியூபி வீட்டைக் காலி செய்துகொண்டு கௌஷியுங்கில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனாள். லாரி வந்தது. வழக்கம்போல நாங்கள் வாசலில் நின்றோம். கடைசியாக மெத்தை வந்தது. அன்று கிழித்த பிளாஸ்டிக், எங்கும் ஒரு கீறல் இல்லாமல், சுற்றிலும் இறுக்கமாக இருந்தது. சுமைக்காரர்கள் அதைத் தூக்கி லாரி ஓரத்தில் நிறுத்தப்போனார்கள்.

"நிமித்தாதீங்கப்பா" என்று சியூபி ஓடி வந்தாள். "படுக்க வெச்சே கொண்டு போங்க. மெதுவா. தலைமாடு பார்த்து."

படுக்க வைத்தார்கள். வெயில் நேராக அதன் மேல் விழுந்தது. தலைமாட்டில், பிளாஸ்டிக்கின் உள்பக்கம், அருகருகே இரண்டு இடங்களில் பனி படர்ந்து சுருங்கிக்கொண்டிருந்தது. ஒன்று நிதானமாக. இன்னொன்று வேகவேகமாக.