கூடத்தில் ஆள்: ஒன்று

கூடத்தில் இருந்தது ரமணி ஒருத்திதான். திரை ‘ஆள்: 2’ என்று காட்டியது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். இரண்டுதான். இந்தக் கோடியில், மேசைக்குப் பின்னால் நீலமாக உட்கார்ந்திருந்த உருவம் அவள். கையைத் தூக்கினால் அதுவும் தூக்கியது. அந்தக் கோடியில், கண்ணாடிக் கதவை ஒட்டி, சிவப்பாக இன்னொன்று நின்றது. கேமரா கதவுக்கு மேலே இருந்தது. அதற்குக் கிட்ட இருப்பதெல்லாம் சிவப்பு. தள்ளிப் போகப் போக மஞ்சள், பச்சை, கடைசியில் நீலம். சிவப்பு உருவத்தின் முதுகு மட்டுமே தெரிந்தது. அப்படியானால் முகம் அவள் பக்கம்.

நிமிர்ந்து பார்த்தாள். கதவருகே யாரும் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணி. வெளியே பினாங்கின் வெல்ட் கீ சாலையில் தார் உருகுகிற வெயில், உள்ளே இருட்டு. வெயில் பட்டால் இந்தக் கேமராக்கள் குழம்பிவிடும் என்பதால், உலகத்து இயந்திரங்களுக்கெல்லாம் கண் கொடுக்கப் புறப்பட்ட ‘ஆழ்நேத்ரா செண்டிரியான் பெர்ஹாட்’ என்ற நிறுவனம், தன் சன்னலிலும் கண்ணாடியிலும் கறுப்புக் காகிதம் ஒட்டிவைத்திருந்தது. ஒரு காலத்தில் வெங்காயம் அடுக்கிய பழைய கிடங்கு அது. புதுப் பெயிண்டுக்கு அடியிலிருந்து ஈரச் சாக்கு வாடை இன்னும் வந்துகொண்டிருந்தது.

நிறுவனர் பேராசிரியர் டாக்டர் கார்த்திகேசு. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலிருந்து இந்த நிறுவனத்தைப் பெற்றெடுத்தவர். முகவரி அட்டையில் அவருக்கு ஐந்து பதவிகள். ஐந்தாவது ‘தலைமைத் தொலைநோக்காளர்’. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் எதிர்க்கடைப் பலகை தெரியாது. ஒன்றரை டன் எடையுள்ள ஆளில்லாச் சரக்கு வண்டிக்கு அவர் வைத்த பெயர் ‘கருடா’. மெக்கானிக் ஃபிக்ரி வைத்தது ‘கெர்பாவ்’. எருமை. ஊழியர்கள் நாக்கில் நின்றது அதுதான்.

ஃபிக்ரி பன்னிரண்டரைக்கே கிளம்பிவிட்டார்.

“கெர்பாவுக்குத் தீனி போட்டாச்சு தங்கச்சி, சார்ஜ் ஃபுல். ஜும்மா முடிச்சிட்டு வர்றப்ப நாசி கண்டார் வாங்கிட்டு வரட்டா?”

“வெள்ளிக்கிழமை அண்ணே. கோழி வேணாம்.”

“முட்டை?”

“முட்டையும் வேணாம்.”

“அப்ப பொட்டலம் கட்டுற தாளை மட்டும் வாங்கிட்டு வர்றேன்லா.”

அவருடைய சிரிப்பு போன பிறகு கூடம் இன்னும் பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. இரண்டு வரிசை இரும்பு அலமாரிகள். நடுவே கதவு வரை நீளும் ஒரே பாதை, வண்டி போனால் இருபுறமும் ஒரு சாண் மிஞ்சும். தொலைவில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் குத்பா பிரசங்கம், தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவதுபோல் கேட்டது.

வண்டியை ஓட்டிப் பார்த்தாள். கதவுக்கு இரண்டு மீட்டர் முன்னால் நின்று பீப் பீப் என்றது. முன்னால் மனிதர், வழிவிடவும்.

வண்டியைப் பழையபடி மேசைப் பக்கம் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் பேராசிரியருக்குப் போன் போட்டாள். அவர் முதலீட்டாளர் டத்தோ சிவநேசனோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டதும் வண்டி தானே ஓடுவதைக் காட்ட அவரை இங்கே அழைத்து வருவதாக ஏற்பாடு.

“பின்புலத்தைத் திரும்பக் கத்துக்குடும்மா. ஒரே பட்டன்தானே?”

“ஏன் காட்டுதுன்னு தெரியாம அழிக்கக் கூடாதே சார்.”

“டத்தோ முன்னாடி வண்டி சும்மா நின்னு பீப் பீப்னா, மாசக் கடைசியில உன் காண்டிராக்ட்டும் நின்னுரும்லா. பாத்துக்க.”

பின்புலம் கற்பது எளிய வேலை. கூடத்தைக் காலி செய்துவிட்டு அமுக்கினால், உள்ளே இருப்பதையெல்லாம் இயந்திரம் சுவர், தூண் என்று மனப்பாடம் செய்துகொள்ளும், அப்புறம் கண்டுகொள்ளாது. அமுக்கும்போது மனிதர் எவரும் உள்ளே இருக்கக் கூடாது. இருந்தால் அவரும் சுவர்தான், அப்புறம் எங்கே நகர்ந்தாலும். கையேட்டில் அந்த வரியைத் தடித்த எழுத்தில் சேர்த்தவளே ரமணி.

கதவை நோக்கி நடந்தாள். உருவம் நிற்பதாகத் திரை சொன்ன இடத்தில் மட்டும் சாக்கு வாடை கனத்திருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு தாண்டினாள். கேமரா அவளைப் பார்த்து, கதவு தானே விலகியது. அதற்குக் கைப்பிடி கிடையாது. கைப்பிடி போன நூற்றாண்டுச் சமாச்சாரம் என்பது பேராசிரியர் கருத்து. வெளியே நின்று டேப்லெட்டில் அமுக்கினாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

‘ஆள்: 1.’

பத்து நிமிடம் நிம்மதி. அப்புறம், ‘ஆள்: 2.’

இப்போது மஞ்சள். பாதையில் கால்வாசி வந்திருந்தது. அதே முதுகு, ஒரு பக்கம் சாய்ந்த தலை. பக்கத்தில் உயரம் காட்டியது: 158 சென்டிமீட்டர். ரமணியின் உயரமும் அதுதான். பினாங்கில் எத்தனையோ பேருக்கு அதே உயரம் இருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

அலமாரியை உரசிக்கொண்டு மறுபடி வெளியே போனாள். அமுக்கினாள். வந்தாள். ஒன்று.

குத்பா முடிந்திருந்தது. குளிர்சாதனத்தின் முனகல் மட்டும். எங்கோ ஒரு சொட்டு. அலமாரிகளுக்கு நடுவே, வெறுங்காலால் ஈரச் சிமெண்டில் நடக்கிற ஓசை. தரை ஈரமில்லை.

இரண்டு.

பச்சை. பாதையின் நடுவில். அவளுக்கும் கதவுக்கும் இடையில்.

போன் அடித்தது. “டத்தோ சீக்கிரம் சாப்பிட்டு முடிச்சிட்டாரு. கார்ல ஏறிட்டோம். ரெடியா?”

“சார், உள்ள ஏதோ நிக்குது. நான் வெளிய வரணும். வழியில நிக்குது சார்.”

“வழியில வண்டிதான்மா போகணும். பட்டனை அமுக்கு.” வைத்துவிட்டார்.

திரையைப் பார்த்தாள். பச்சை இல்லை. இரண்டு உருவமும் நீலம். அவளுடையது உட்கார்ந்திருந்தது. மற்றது மேசைக்கு இந்தப் பக்கம், அவள்மேல் குனிந்திருந்தது.

கழுத்தில் ஈரச் சாக்கு.

அமுக்கினாள்.

‘ஆள்: 0.’

மூச்சு வந்தது. போய்விட்டது. போய்விட்டது என்று சிரிக்கக்கூடச் செய்தாள். பிறகுதான் அந்த எண்ணைப் படித்தாள். கையைத் தூக்கினாள். திரையில் நாற்காலி காலி. எழுந்து இரண்டு கையையும் ஆட்டினாள். பூஜ்யம்.

போனையும் விட்டுவிட்டு ஓடினாள். கதவின் முன் நின்றாள். குதித்தாள். மேலே கேமராவின் சின்ன விளக்கு அமைதியாக எரிந்தது. கதவு அசையவில்லை. அதைப் பொறுத்தவரை எதிரில் ஒரு சுவர்.

பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது.

வெளியே குரல்கள், செருப்புச் சத்தம், ஒலிவாங்கி. கறுப்புக் காகிதத்தில் நகம் அளவு ஒரு கிழிசல். அதில் கண்ணை வைத்தாள். கதவுக்கு அப்பால் இருந்த விருந்தினர் அறையில் ஆளுயரத் தொலைக்காட்சி. எல்லாரும் அதைப் பார்த்து நின்றார்கள். கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தாள்.

“சார்! ஃபிக்ரி அண்ணே! நான் இங்க இருக்கேன்!”

பேராசிரியர் பேச்சை ஆரம்பித்திருந்தார். ஒருமுறை திரும்பினார். அவர் பார்வை கிழிசலைத் தொட்டு, அவள் கண்ணைத் தாண்டி, அப்பால் போனது. மூன்று வருடக் கூட்டங்களில் அவர் அவளைப் பார்த்ததும் அப்படித்தான்.

“சார்,” என்றார் ஃபிக்ரி. கையில் பொட்டலம். “கதவை யாரோ தட்டுற மாதிரி கேக்குது.”

“ஸ்கிரீனைப் பாருங்க ஃபிக்ரி. கதவுகிட்ட யாரு இருக்கா?”

ஃபிக்ரி பார்த்தார். நன்றாகவே பார்த்தார். “யாரும் இல்ல சார்.”

“உள்ள ஆள் இருக்கா?” டத்தோ கேட்டார்.

“எங்க பாதுகாப்பு இன்ஜினியர், டத்தோ. அதோ, பத்திரமா உக்காந்திருக்காங்க பாருங்க.” பேராசிரியர் ஒலிவாங்கியில் சிரித்தார். “ரமணி, டத்தோவுக்குக் கை காட்டும்மா!”

தொலைக்காட்சியில் ‘ஆள்: 1.’ நாற்காலியில் நீலமாக ஒருத்தி. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மெல்ல ஒரு கை உயர்ந்தது.

கைதட்டல்.

ரமணியின் இரண்டு கையும் கண்ணாடியில் இருந்தன.

டத்தோ ரிப்பன் கட்டிய பொத்தானை அமுக்கினார். பின்னால் சக்கரங்கள் உருளத் தொடங்கின. வண்டியின் நெற்றியில் முன்பு ஒரு சிவப்பு நிறுத்தப் பொத்தான் இருந்தது. படத்தில் பொட்டு வைத்த மாதிரி தெரிகிறது என்று போன மாதம் பேராசிரியர் கழற்றச் சொல்லிவிட்டார். இன்னொன்று மேசையில் இருந்தது.

மேசையில்.

அலமாரியில் ஏறப் பார்த்தாள். கம்பி வழுக்கியது. பக்கத்தில் ஒரு சாண். ஒரு சாண்தான்.

“அண்ணே!”

வண்டி வேகம் குறையவில்லை. தொலைக்காட்சியில் பாதை முழுக்கக் காலி. வண்டி பச்சையானது. மஞ்சளானது. நாற்காலியில் இருந்தது இன்னும் கையசைத்துக்கொண்டிருந்தது. விருந்தினர்கள் சிரித்தபடி பதிலுக்குக் கையசைத்தார்கள்.

ஃபிக்ரியும், பொட்டலம் இருந்த கையைத் தூக்கி ஆட்டினார்.